எந்த டவுன், எந்த ஆஃப்?

கல்யாணத் தரகுக்குப் புதிதாக வந்திருக்கும் தங்கைமார்களே, தம்பிமார்களே! ஜாதகம் பொருத்துவது எப்படி, போட்டோவில் பெண் எந்தப் பக்கம் திரும்பி நிற்க வேண்டும், கமிஷனை எந்த நேரத்தில் கேட்டால் முகம் சுளிக்காமல் கொடுப்பார்கள் என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும். தெரியாவிட்டாலும் உங்கள் செல்போன் சொல்லிக் கொடுத்துவிடும். முழங்கால் இரண்டும் மக்கர் பண்ணியதால் தொழிலை விட்டுவிட்டு வீட்டில் உட்கார்ந்திருக்கிறவள் நான். என்னிடம் போய் அதையெல்லாம் கேட்காதீர்கள். நான் சொல்ல வந்தது இங்கிலீஷில் இருக்கிற பொடி வார்த்தைகளைப் பற்றி.

பெரிய வார்த்தைகளால் நமக்கு ஒரு ஆபத்தும் இல்லை. மாப்பிள்ளை பையன் வாய்க்குள் நுழையாத ஒரு வார்த்தையைச் சொன்னால், நாமும் தலையை ஆட்டிவிட்டு வெளியே வந்து யாரிடமாவது அர்த்தம் கேட்போம். டவுன், ஆஃப், இன் என்று அவன் சொன்னால் கேட்க மாட்டோம். அதுதான் நமக்குத் தெரியுமே! அந்த வார்த்தைகள் ரொம்ப காலமாக நம் வீட்டிலேயே சாப்பிட்டு நம் வீட்டிலேயே படுத்துக் கிடப்பவை. அவற்றுக்கு வெளியூரில் வேறு குடும்பம் இருக்கும் என்று யாருக்குத் தோன்றும்?

வாசுதேவநல்லூர்ப் பையன் ஒருவன் துபாயில் இருந்தான். என்ன வேலை என்று போனில் கேட்டேன். "ஐயம் பிட்வீன் ஜாப்ஸ் ஆன்ட்டி" என்றான். பிட்வீன் என்றால் நடுவில் என்பது எனக்குத் தெரியாதா? பன்னிரண்டாம் வகுப்பில் இங்கிலீஷ் பாஸ் பண்ணியவள் நான். இரண்டு வேலைக்கு நடுவில் கிடந்து திண்டாடுகிறான், பாவம் என்று நினைத்து, பெண் வீட்டில் போய் "பையன் ரெண்டு வேலை பாக்கான், தூங்கக்கூட நேரமில்லை" என்று அளந்துவிட்டேன். தூங்குவதைத் தவிர அவனுக்கு வேறு வேலையே இல்லை என்பது பிறகுதான் தெரிந்தது. பழைய வேலை போய்விட்டது, புது வேலை கிடைக்கவில்லை, அதற்கு இப்படி ஒரு நாகரிகமான பெயர்! அந்தப் பெண்ணின் அம்மா என்னைக் கேட்ட கேள்விகளை அச்சில் ஏற்ற முடியாது.

அதோடு நான் திருந்தியிருக்க வேண்டும். திருந்தவில்லை. அதனால்தான் அருணாசலம் அண்ணாச்சி வீட்டுக் கல்யாணம் கை நழுவிப் போகப் பார்த்தது.

அண்ணாச்சி தென்காசியில் எலக்ட்ரிகல் கடை வைத்திருப்பவர். என்னைவிட வயதில் சின்னவர்தான். ஆனால் எங்கள் ஊரில் கடை வைத்திருப்பவர் எல்லோரும் அண்ணாச்சிதான், வயது பார்ப்பதில்லை. அவருக்கு இரண்டு பெண்கள். மூத்தவளைச் சொந்தத்தில் கொடுத்திருந்தார். அந்த மாப்பிள்ளை குடித்துக் குடித்தே அவளைக் கைக்குழந்தையோடு பிறந்த வீட்டுக்குத் துரத்திவிட்டான். இளையவள் இசக்கியம்மாளுக்கு வரன் பார்க்கச் சொல்லி என்னை அழைத்தபோது, அண்ணாச்சி போட்ட நிபந்தனை ஒன்றே ஒன்றுதான்.

"யக்கா, கருப்போ செவப்போ, சொத்து இருக்கோ இல்லையோ, நான் கேக்கல. குடிக்காத பையனா பாத்துச் சொல்லுங்க. இன்னொரு மகளை அழுதுகிட்டு வாசல்ல வந்து நிக்க வைக்க எனக்குத் தெம்பு இல்ல."

சொல்லும்போதே அவருக்குக் குரல் உடைந்தது.

அந்தச் சமயத்தில் இலத்தூரிலிருந்து ஒரு அம்மாள் தன் அக்கா மகனுக்குப் பெண் கேட்டு வந்தாள். பையன் பெயர் கார்த்திக். பிறந்து வளர்ந்தது எல்லாம் லண்டன் பக்கம். அம்மா தவறிவிட்டாள். ஊர்ப் பக்கம் பெண் எடுக்க வேண்டும் என்பது அவளுடைய ஆசை என்பதால் சித்தி வீட்டில் வந்து தங்கியிருந்தான். நல்ல பையன். தமிழ் கேட்டால் ஓரளவு புரியும், பேச்சுதான் சாப்பிடு, குளி, தூங்கு என்பதைத் தாண்டாது. பெண் பார்த்து முடிக்கும்வரை பையனும் பெண்ணும் போனில் பேசக் கூடாது என்று அண்ணாச்சி கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். ஆகவே இங்கிலீஷ் இலாகா முழுவதும் என் கைக்கு வந்தது.

"தம்பி, சனிக்கிழமை காலையில பொண்ணு பாக்க வைக்கலாமா?" என்று போனில் கேட்டேன்.

"யா ஆன்ட்டி, ஐயம் டவுன்!"

சரி, சனிக்கிழமை பையன் டவுனில் இருப்பான் போலிருக்கிறது என்று நினைத்தேன். எங்கள் பக்கத்தில் டவுன் என்றால் திருநெல்வேலி டவுன். வேறு அர்த்தம் கிடையாது. அண்ணாச்சியிடம் சொன்னேன்.

"அதுக்கென்ன, நாமளே டவுனுக்குப் போயிருவோம். கோயில்ல வச்சுப் பாத்தா இன்னும் நல்லதுல்லா" என்றார் அவர்.

சனிக்கிழமை விடிந்ததும் ஒரு வேனில் எல்லோரும் கிளம்பினோம். இசக்கி பட்டுப்புடவையில், நான் பட்டுப்புடவை மாதிரி ஒன்றில். கோயில் வாசலில் வெகுநேரம் நின்றோம். பையனைக் காணவில்லை. போன் போட்டேன்.

"தம்பி, நாங்க டவுன்லதான் நிக்கோம். நீங்க?"

"மீ டூ ஆன்ட்டி! ஐயம் ஸ்டில் டவுன்!"

"டவுன்ல எங்கன தம்பி?"

"டோட்டலி டவுன்!"

டோட்டலி என்றால் மொத்தமாக. மொத்த டவுனும் என்றால் எங்கே போய்த் தேடுவது? அண்ணாச்சி நாலு ரத வீதியையும் ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். வெயிலில் அவர் முகம் சிவந்துபோயிற்று. கடைசியில் சித்திக்காரி போனைப் பிடுங்கிப் பேசினாள்.

"யக்கா, நாங்க தென்காசியில பொண்ணு வீட்டு முன்னால நிக்கோம். வீடு பூட்டிக் கெடக்கு. எங்கள வரச் சொல்லிட்டு நீங்க எங்க போனிய?"

நாங்கள் திரும்பி வருவதற்குள் நல்ல நேரம் போய் ராகு காலம் வந்துவிட்டது. இனி வாசல் மிதிக்கக் கூடாது என்றாள் சித்தி. கார்த்திக் எதிர்சாரி டீக்கடையில் பழப்பையோடு உட்கார்ந்திருந்தான். வேனிலிருந்து இறங்கிய இசக்கியைப் பார்த்ததும் எழுந்து நின்று, பழப்பையைத் தலைக்கு மேலே தூக்கி ஆட்டினான். அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பெண் பார்க்கும் படலம் தெருவுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக அவ்வளவில் முடிந்தது. இசக்கியைப் பொறுத்தவரை அது போதுமாயிருந்தது என்று நான் அப்போதே கவனித்தேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை குற்றாலம். சாரல் நன்றாக விழுந்துகொண்டிருந்தது. அண்ணாச்சி குடும்பம் சீசனுக்கு ஒரு வீடு பிடித்திருந்ததால் அங்கேயே வரச் சொன்னோம். ஈரத் தலையும் தோளில் துண்டுமாக ஆண்கள் உட்கார்ந்திருந்தார்கள். டவுன் விஷயத்தைச் சித்தி சிரித்துச் சிரித்து எல்லோருக்கும் விளக்கினாள். இந்தக் காலத்து இங்கிலீஷில் 'ஐயம் டவுன்' என்றால் 'எனக்குச் சம்மதம், நான் தயார்' என்று அர்த்தமாம். கதவுக்குப் பின்னால் நின்ற இசக்கி சிரித்தது கூடத்துக்கே கேட்டது. அண்ணாச்சியும் சிரித்தார். காரியம் கனிந்துவிட்டது என்று நான் மனக்கணக்குப் போட்டேன்.

காபி கொடுக்கும் நேரம் வந்தது. கார்த்திக் என் பக்கம் குனிந்து, "ஸாரி ஆன்ட்டி, ஐயம் ஆஃப் காபி" என்றான்.

அடக்கமான பையன், அரை டம்ளர் போதும் என்கிறான்! "ஏட்டி இசக்கி, மாப்பிள்ளைக்கு ஆஃப் காப்பி!" என்று உள்ளே குரல் கொடுத்தேன். அவள் அரை டம்ளர் கொண்டுவந்து நீட்டினாள். அவன் டம்ளரைப் பார்த்தான், அவளைப் பார்த்தான், கஷாயம் குடிப்பது போல ஒரே மடக்கில் குடித்தான். அவள் உள்ளே போனதும் அண்ணாச்சி தொண்டையைக் கனைத்துக்கொண்டு, தன் ஒரே கேள்வியைக் கேட்டார்.

"தம்பி, டிரிங்க்ஸ் பழக்கம் உண்டுமா?"

கார்த்திக் நிமிர்ந்து உட்கார்ந்தான். "ஐ யூஸ்டு டு, அங்கிள். பட் ஐயம் ஆஃப் இட். கம்ப்ளீட்லி ஆஃப்."

நம் ஊரில் டிரிங்க்ஸ் என்ற வார்த்தைக்குப் பக்கத்தில் ஆஃப் வந்தால் அதற்கு என்ன அர்த்தம் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. குவாட்டருக்கு அண்ணன், ஃபுல்லுக்குத் தம்பி. காபியிலேயே ஆஃப் கேட்டவன் வேறு.

"ஆஃபா?" என்றார் அண்ணாச்சி.

புரிந்துவிட்டதே என்ற சந்தோஷம் பையனுக்கு. "யெஸ் அங்கிள், ஆஃப்!"

"டெய்லியா?"

"எவ்ரி சிங்கிள் டே!" என்று நெஞ்சைத் தொட்டுச் சொன்னான்.

அண்ணாச்சியின் கன்னம் துடித்தது. ஏதோ சரியில்லை என்று மட்டும் கார்த்திக்குக்குத் தெரிந்தது. சூழ்நிலையைச் சரிசெய்ய நினைத்து, முகம் நிறையச் சிரிப்போடு கேட்டான். "ஸோ அங்கிள், ஆர் யூ இன்?"

அண்ணாச்சி குனிந்து தன் சட்டையைப் பார்த்தார், வேட்டியைப் பார்த்தார். பிறகு எழுந்தார்.

"குடிகாரப் பய எனக்கு இன் பண்ணச் சொல்லித் தாரான்! வேட்டிக்கு எவம்லே இன் பண்ணுவான்?"

துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, மழையில் குடைகூட எடுக்காமல் வெளியே போய்விட்டார். சித்தி அழுதாள். கார்த்திக் என்னைப் பார்த்து, "வாட் டிட் ஐ ஸே?" என்றான். எனக்கே தெரியாததை அவனுக்கு நான் என்ன சொல்வது? பையன் குடிகாரன், ஆனால் உண்மையைச் சொல்லும் குடிகாரன் என்று நினைத்துக்கொண்டு நானும் புடவையைத் தட்டிவிட்டு எழுந்தேன்.

இசக்கி என்னைக் கொல்லைப்புறத்தில் பிடித்துக்கொண்டாள். கண் கலங்கியிருந்தது, பேச்சு மட்டும் நிதானமாக இருந்தது. அவள் ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்ப்பவள். வருகிறவர் முகத்தைப் பார்த்தே ஊசிக்குப் பயப்படுகிறவரைக் கண்டுபிடித்துவிடுவாள்.

"அக்கா, அவருக்குக் காப்பி பிடிக்கல. முகத்துலயே தெரிஞ்சுது. நான் கொண்டு வந்துட்டேனேன்னுதான் குடிச்சாரு. பிடிக்காதவரு எதுக்கு ஆஃப் கேக்காரு?"

"எனக்கென்னட்டி தெரியும்?"

"நீங்கதான கேட்டுச் சொல்லணும்? அக்கா, எத்தனையோ பேரு வந்து பாத்துட்டுப் போனாவ, நான் ஒண்ணும் சொல்லல. இத மட்டும் விட்டுராதிய. எனக்கு அவரப் பிடிச்சிருக்கு."

ஒரு பெண் பிள்ளை வாய்விட்டு அப்படிச் சொல்வது நம் தொழிலில் எவ்வளவு அபூர்வம் என்று நீங்கள் போகப்போகத் தெரிந்துகொள்வீர்கள். நான் நேராகச் சித்தியிடம் போய், கார்த்திக் காபி எப்படிக் குடிப்பான் என்று கேட்டேன். மூக்கைச் சிந்திக்கொண்டே சொன்னாள்.

"அவன் காப்பிய விட்டு எவ்வளவோ நாளாச்சே! வயித்துக்கு ஒத்துக்கிடல. நீங்க ஏன் ஊத்திக் குடுக்கச் சொன்னிய?"

விட்டு. அந்த ஒரு வார்த்தையில் எனக்கு விளக்கு எரிந்தது. இல்லை, விளக்கு அணைந்தது என்றுதான் சொல்ல வேண்டும்.

மறுநாள் காலையில் கடை திறந்ததுமே போய் நின்றேன். அண்ணாச்சி முகம் கொடுக்கவில்லை. வாடிக்கையாளருக்குக் காட்டுவதற்காக ஒரு பலகையில் சுவிட்சும் பல்புமாக மாட்டி வைத்திருப்பார்கள் அல்லவா, அதன் முன்னால் போய் நின்று ஒரு சுவிட்சைத் தட்டினேன். பல்பு அணைந்தது.

"அண்ணாச்சி, இது என்ன?"

"காலையிலேயே வெளையாடாதிய."

"சொல்லுங்க, என்ன ஆச்சு?"

"பல்பு ஆஃப் ஆச்சு."

"பாதி எரியுதா?"

"யக்கா, உங்களுக்கு உடம்பு சரியில்லையா? ஆஃப்னா எப்படிப் பாதி எரியும்? அணைஞ்சு போச்சு."

"அதத்தான் அந்தப் பையன் சொன்னான். குடிய ஆஃப் பண்ணிட்டேன்னு."

அண்ணாச்சி பலகையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். நாளெல்லாம் சுவிட்ச் விற்கிற மனுசனுக்கு அந்த ஆஃப் நினைவுக்கு வரவில்லை, பாருங்கள். மெதுவாக ஸ்டூலில் உட்கார்ந்தார். அவர் முகத்தில் சிரிப்பு வரப் பார்த்தது. நானும் ஜெயித்துவிட்டோம் என்று முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டேன். அப்போதுதான் அவர் கேட்டார்.

"அதுக்கு முன்னால ஏதோ சொன்னாரே, யூசு யூசுன்னு. அது என்ன?"

இந்த இடத்தில்தான் நீங்கள் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். நேற்று அவன் பேசிய இங்கிலீஷைக் கேட்டவர் எங்கள் இருவரைத் தவிரக் கடையில் யாரும் இல்லை. 'சும்மா பேச்சுக்குச் சொன்னது' என்று நான் சொன்னால் அண்ணாச்சி அப்படியே நம்புவார். தை மாதமே கல்யாணத்தை முடித்துவிடலாம். இசக்கி சொன்னது வேறு காதில் ஒலித்துக்கொண்டே இருந்தது. என்னை நம்பித்தானே சொன்னாள்? ஆனால் இந்த மனுசனும் என்னை நம்பித்தான் தன் ஒரே கேள்வியைக் கொடுத்தார்.

"முன்னால குடிச்சிட்டு இருந்தேன்னு சொன்னாரு, அண்ணாச்சி. யூஸ்டு டுன்னா அதான்."

சிரிப்பு போய்விட்டது. எழுந்து வந்து அந்தச் சுவிட்சைத் தட்டினார். பல்பு எரிந்தது. மறுபடி தட்டினார், அணைந்தது. நாலைந்து தடவை அப்படியே செய்துகொண்டிருந்தார்.

"ஆஃப் பண்ணுனது மறுபடி ஆன் ஆகும்லா?" என்றார்.

"அவர்கிட்டயே கேளுங்க. நான் ஒரு வார்த்தை விடாம சொல்லுதேன். புரியாத வார்த்தைய உங்க முன்னாலயே அவர்கிட்டத் திருப்பிக் கேட்டுச் சொல்லுதேன்" என்று மட்டும் சொன்னேன்.

அன்று மத்தியானமே ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டுக் கடைக்குள் உட்கார்ந்தோம். கார்த்திக் வந்தான், சித்தி வந்தாள். அண்ணாச்சியே போன் போட்டு இசக்கியையும் வரச் சொல்லிவிட்டார். ஏன் குடித்தாய் என்று கேட்டார். கார்த்திக் தரையைப் பார்த்தபடி சொன்னான். "ஆஃப்டர் அம்மா... ஐ வாஸ் ரியலி டவுன், அங்கிள்."

நான் வாயைத் திறப்பதற்குள் அண்ணாச்சி பாய்ந்தார். "அம்மா செத்ததுக்கு இவனுக்கு என்னலே சம்மதம்?"

"அய்யோ, இது அந்த டவுன் இல்ல!" என்று கத்தினேன். கார்த்திக்கிடம் திருப்பிக் கேட்டேன். அவன் தன் நெஞ்சில் கையை வைத்துக் கீழே கீழே இறக்கிக் காட்டினான். "மனசு கீழ போயிட்டுதாம் அண்ணாச்சி. அம்மா போன துக்கம் தாங்கல."

"அம்மா இல்ல, வீடு... டார்க்கு. குடிச்சேன். அம்மாக்குப் பிடிக்காது. விட்டேன்" என்று அவனே தமிழில் தட்டுத்தடுமாறிச் சொன்னான். அவன் அம்மா விட்டுப்போன தமிழ் அவ்வளவுதான். சித்தி விசும்பினாள். எனக்கும் கண்ணீர் வந்தது, மறைக்கவில்லை.

அண்ணாச்சி வியாபாரி. விடவில்லை. "மறுபடி குடிக்க மாட்டேன்னு கியாரண்டி உண்டா?"

கியாரண்டி என்பது அவனுக்கு மொழிபெயர்க்காமலே புரிந்தது. வெகுநேரம் யோசித்துவிட்டுத் தலையை ஆட்டினான். "நோ கியாரண்டி, அங்கிள். எவ்ரி டே, நானே ஆஃப்." சுவிட்சைத் தட்டுவது போல விரலைக் காட்டினான், ஒவ்வொரு நாளும் அவனேதான் அணைக்க வேண்டுமாம்.

போச்சு என்று நினைத்தேன். ஒரு பொய் சொல்லித் தொலைத்தால்தான் என்ன என்று அவன்மேல் கோபம்கூட வந்தது. அண்ணாச்சி அவனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மூத்த மாப்பிள்ளைக்கு ஆயுசுக்கும் கியாரண்டின்னு சொல்லித்தான் கட்டி வச்சாவ" என்றார், யாரிடமும் இல்லாமல். பிறகு மகள் பக்கம் திரும்பினார். "நீ என்னட்டி சொல்லுத? கேட்டுக்கிட்டுதான இருந்த?"

இசக்கி தலைகுனியவில்லை. "அப்பா, ஐயம் டவுன்" என்றாள்.

அண்ணாச்சி என்னைப் பார்த்தார். "யக்கா, இது எந்த டவுன்?"

"நாம வேன் பிடிச்சுத் தேடிப் போனோம்லா, அந்த டவுன் அண்ணாச்சி."

அவர் சுவிட்சுப் பலகையைப் பார்த்தார். அப்புறம் மெல்ல, "நேத்து 'இன்'னு ஏதோ கேட்டானே, அதுக்கு என்ன அர்த்தம்?" என்றார்.

இந்தத் தடவை நான் முந்தவில்லை. கார்த்திக்கிடம் கேட்டேன். அவன் சொன்னதை அப்படியே சொன்னேன். "உங்களுக்கும் சம்மதமா, நீங்களும் எங்களோட சேந்துக்கிடுதியளான்னு கேட்டாராம்."

அண்ணாச்சி ஸ்டூலை விட்டு எழுந்தார். ஷட்டரை நோக்கித்தான் போகப் போகிறார் என்று நினைத்தேன். அவர் எங்களுக்கு முதுகைக் காட்டி நின்று, வேட்டியின் இடுப்பை இறக்கி, சட்டையின் கீழ்ப்பகுதியைச் சுற்றிலும் உள்ளே செருகி, வேட்டியை மறுபடி இறுக்கிக் கட்டினார். திரும்பி மாப்பிள்ளையைப் பார்த்து நின்றார்.

பின்பக்கம் ஒரு முழச் சட்டை வெளியேதான் தொங்கிக்கொண்டிருந்தது. நாங்கள் யாரும் அதைச் சொல்லவில்லை.